ஊசி ஊசிதானே, உடம்பின் அளவுதானே வித்தியாசம்?

கேள்வி, பெப்ரவரி 11, மாலை 6.05

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு மிருக கிளினிக்கில் ஒன்றரை வருஷமாக உதவியாளனாக இருக்கிறேன். நாய், பூனை, எப்போதாவது ஒரு முயல். சேலைன் ஏற்றுவேன், தையல் பிரிப்பேன், எக்ஸ்ரேக்கு அமத்திப் பிடிப்பேன். இப்போது ஒரு கோர்ஸ் விளம்பரம் பார்த்தேன். வெட் நேர்ஸ்மாருக்குக் காட்டு விலங்கு, எக்ஸொடிக் (நாய், பூனை அல்லாத வளர்ப்பு உயிர்கள்), பெரிய மிருகம் மூன்றையும் சேர்த்து மூன்று மாதத்தில், ஞாயிறு மட்டும். கட்டணம் என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். இதற்கு உண்மையிலேயே தனிப் பயிற்சி தேவையா? என் கணக்கில் ஊசி ஊசிதான், உடம்பின் அளவுதான் வித்தியாசம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 11, இரவு 10.40

"அளவுதான் வித்தியாசம்" என்ற வரியை வாசித்துவிட்டு, படுக்கப் போனவள் எழும்பி வந்து எழுதுகிறேன். தம்பி, எனக்கு இந்த வேலையில் பதினொரு வருஷம். முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒரு கொக்கட்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஒரு பொடியன், சப்பாத்துப் பெட்டியில் பென்சிலால் ஓட்டை குத்திக் கொண்டுவந்தான். நகம் வளர்ந்து கம்பியில் மாட்டுகிறதாம். "பிடி, வெட்டுவம்" என்றார் டொக்டர். நான் பூனைக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சைச் சுற்றி விரலை மடக்கி, சிறகு அடிக்காமல் இறுக்கமாகப் பிடித்தேன். 90 கிராம் இருக்கும். முதலில் திமிறியது, பிறகு அடங்கியது. நல்ல பிள்ளை, பழகிவிட்டது என்று நினைத்தேன். டொக்டர் மூன்றாவது நகத்தில் நிமிர்ந்து பார்த்து "விடு! விடு!" என்று கத்தினார். கண் பாதி மூடியிருந்தது.

பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற மூச்சுத் தசை) இல்லை. நெஞ்செலும்பு முன்னுக்கும் கீழுக்கும் போனால்தான் உள்ளே இருக்கிற காற்றுப் பைகள் துருத்தி மாதிரி விரிந்து காற்றை இழுக்கும். நான் அந்தத் துருத்தியை மூடி வைத்திருந்தேன். நாயை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கலாம். குருவியைத் தலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் வைத்து, உடம்பை உள்ளங்கையில் கிடத்தி, மெல்லிய துவாயால் மூடி, நெஞ்சை விட்டுவிட வேண்டும். அதுவும் கத்தரி, பஞ்சு, மருந்து எல்லாம் மேசையில் தயாராக வைத்த பிறகுதான் கூட்டைத் திறக்க வேண்டும். இதில் அளவு எங்கே வந்தது?

பெப்ரவரி 12, காலை 7.15

நேற்று கோபத்தில் எழுதியதில் ஒரு திருத்தம். முழுப் பழியையும் என் கையில் போட்டுவிட்டேன். டொக்டர் பிறகு திறந்து பார்த்தபோது ஈரல் மஞ்சளாகி வீங்கியிருந்தது. பொடியன் வருஷக்கணக்காகச் சூரியகாந்தி விதை மட்டும் கொடுத்திருக்கிறான், அன்பாகத்தான். பறவை வருத்தத்தை ஒளிக்கும். காட்டில் சோர்ந்து இருக்கிறதைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால், கீழே விழுகிற நாள் வரைக்கும் நன்றாக இருக்கிற மாதிரியே நடிக்கும்.

அப்போது கொன்றது நானா ஈரலா என்று கேட்டால், இரண்டும். பிடிக்க முதல் தூர நின்று இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் வால் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுவது தெரிந்திருக்கும். அப்படி வால் ஆடினால் தொடாதே, முதலில் ஒட்சிசன் கொடு. இன்றைக்கு இதைத்தான் புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறேன்: பிடிக்கிறதை அல்ல, பிடிக்காமல் பார்க்கிறதை.

பெப்ரவரி 12, காலை 7.22

பொடியனுக்கு நாங்கள் என்ன சொன்னோம் என்று கேட்காதீர்கள்.

பெப்ரவரி 14, இரவு 9.00

இன்னொருவர் எழுதியிருந்தார், மாடும் யானையும் "பெரிய மிருகம்" என்ற ஒரே தலைப்பில் வருமாம், ஒன்றைப் பழகினால் மற்றது வருமாம். சரி, இதற்கு என் மாமாவின் மாட்டைக் கொண்டு வருகிறேன்.

மட்டக்களப்பில் மாமாவுக்குக் கறவை மாடுகள். எனக்குப் பதின்நான்கு வயது இருக்கும்போது ஒரு மாடு கன்று போட்ட மறுநாள் எழும்பவில்லை. கழுத்தை விலாப் பக்கம் மடித்து வைத்திருந்தது, காது குளிர்ந்து கிடந்தது. பால் சுரக்கிற அவசரத்தில் இரத்தத்தில் கல்சியம் விழுந்துவிட்டது. வந்த டொக்டர் கல்சியப் போத்தலைச் சுடுதண்ணி வாளியில் வைத்துச் சூடாக்கி, ஒரு கையால் இதயத்தைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றினார். கெதியாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். என்னுடைய வேலை, வைக்கோல் சாக்கை முட்டுக் கொடுத்து, முழங்காலால் தோளைத் தள்ளி, மாடு சரியாமல் நெஞ்சில் இருக்க வைப்பது. பக்கவாட்டில் விழுந்தால் வயிற்று வாயு வெளியே வர வழியில்லை, ஊதிவிடும், மேலே வருகிற தீனி நுரையீரலுக்குள் போகும். போத்தல் முடிகிற நேரத்தில் தொடைத் தசை நடுங்கியது, பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது, சாணி போட்டது, எழும்பி நின்றது. அந்த ஏப்பத்தின் மணத்தை இப்போதும் சொல்லுவேன்.

அதிலிருந்து என் மண்டையில் ஒரு சட்டம்: பெரிய மிருகம் விழுந்தால் நெஞ்சில் இருத்து.

பல வருஷத்துக்குப் பிறகு, காலில் சீழ் கட்டிய ஒரு வளர்ப்பு யானைக்கு மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்யப் போனார்கள். எங்கள் டொக்டரோடு நானும் போனேன். எங்கே, யாருடையது என்று எழுத மாட்டேன். மருந்து ஏற ஏற யானை முன்னங்காலை மடித்து நெஞ்சில் குந்தப் பார்த்தது. நான் மனதுக்குள் "ஆ, நல்லா இருக்குது" என்றேன். சுற்றி நின்ற எல்லாரும் கத்துகிறார்கள். கயிற்றை இழுத்துப் பக்கவாட்டில் சாய்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மற்ற மிருகங்களுக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே வழுக்குகிற ஒரு இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடம் இழையத்தால் ஒட்டிக் கிடக்கிறது. விலாவும் உதரவிதானமும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சில் குந்தினால் வயிற்றின் பாரம் முழுக்க உதரவிதானத்தில் ஏறும், கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறும். மாட்டைக் காப்பாற்றிய அதே சட்டம் யானையைக் கொல்லும். "பெரிய மிருகம்" என்று ஒரு தலைப்புப் போட்டு விளம்பரம் அடித்தவரை ஒரு மணித்தியாலம் அந்த இடத்தில் நிறுத்தி வைக்க எனக்கு ஆசை.

எனக்குக் கொடுத்த வேலை தும்பிக்கை. அதை நேராக நீட்டி வைத்து, நுனி மடங்கி அடைபடாமல் ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்து, மூச்சைச் சத்தமாக எண்ண வேண்டும். ஒருவர் காதுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், சூடு போகிற வழி காதுதான். யானை நிமிடத்துக்குச் சில தடவைதான் மூச்சு விடும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருக்கிற நேரத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. கித்துள் ஓலை புளித்த மணத்தோடு சூடான காற்று மணிக்கட்டில் அடிக்கும். அப்பாடா, அடுத்தது.

யானைக்கு ஊசி போடுகிறது கடைசி விஷயம் தம்பி. நாற்பது நிமிடம் குச்சி பிடிக்கிறதுதான் நேர்ஸ் வேலை.

பெப்ரவரி 15, மதியம் 1.10

யானைக்குக் காய்ச்சல் பார்ப்பது எப்படி என்று கேட்டவருக்கு: புதிதாகப் போட்ட இலத்தி உருண்டையின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்ப்பது வழக்கம். சூடு ஆற முதல் ஓடிப் போக வேண்டும். 36 பாகைக்குக் கிட்ட வரும். அந்த வெப்பமானியைப் பிறகு பூனைக்குப் பாவிப்பதில்லை, பூனைச் சொந்தக்காரர்கள் பதற வேண்டாம்.

பெப்ரவரி 15, இரவு 11.30

முயல் தெரியும் என்று தம்பி எழுதியிருந்தார். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு முயலைப் பட்டினி போடச் சொல்லுவீர்களா?

நான் சொன்னேன். போனில், மிகவும் பொறுப்பாக, "பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் கொடுக்க வேண்டாம் அன்ரி" என்று. நாய்க்கும் பூனைக்கும் சொல்கிற அதே வசனம். அவைக்கு அது சரி, மயக்கத்தில் சத்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். முயலுக்குச் சத்தி எடுக்கவே ஏலாது, அதன் உடம்பு அப்படி. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி போட்டால் குடல் நிற்கும், நின்ற குடலில் வாயு, வாயுவால் வலி, வலியால் இன்னும் சாப்பிடாது. கருத்தடை நன்றாக முடிந்தது, அடுத்த இரண்டு நாளும் அந்த முயலோடு நான்தான் இருந்தேன். புல் மாவைக் கரைத்துச் சிரிஞ்சில் கடைவாய்ப் பக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு கூட்டின் கீழே குனிந்து புழுக்கை எண்ணுவது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிளகு அளவில் நான்கு. பிறகு கடலை அளவில் பதினொன்று. பதினொன்றுக்கு நான் கை தட்டினேன், வரவேற்பறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்னொன்று: நாய்க்குக் கொடுக்கிற பெனிசிலின் வகை மருந்தை முயலுக்கு வாயால் கொடுத்தால் குடல் கிருமிகள் குழம்பிச் செத்துப் போகலாம். டொக்டருக்கு இது தெரியும். ஆனால் இரவு எட்டு மணிக்கு அலமாரியிலிருந்து போத்தலை எடுக்கிறது யார்?

பெப்ரவரி 19, இரவு 8.45

அம்மாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினேன். "உன்ர கதையை வாசிச்சு ஆர் உன்னைக் கட்டுவான்" என்றார். முந்தி ஒரு கலியாணத் தரகர் வந்தபோது, மகள் நேர்ஸ், தெகிவளைப் பக்கம் வேலை என்றுதான் அம்மா சொன்னார். அவர் களுபோவில ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் சும்மா பார்க்க வந்தபோது நான் ஒரு கையில் வாளியும் மறு கையில் ஆமையுமாக நின்றேன். நல்ல மனிதர்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

பெப்ரவரி 20, காலை 6.50

அந்த ஆமை என்ன ஆமை என்று ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள், மாப்பிள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நட்சத்திர ஆமை. பிஸ்கட் டின்னில், ஓடு வெடித்து, ஒரு வளவு வாசலில் கிடந்ததாம். நம்முடைய உலர் வலயத்து ஆமை, 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் வளர்க்கக் கூடாது. 2019இல் சர்வதேச வியாபாரத்தையும் முழுக்கத் தடை செய்தார்கள். இப்படி ஒன்று கிடைத்தால் 1992 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். சட்டத்தைப் பற்றிக் கோர்ஸில் ஒரு மணித்தியாலமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கொண்டு வருகிறவர் மிருகத்தைக் காப்பாற்ற வருகிறாரா ஒளித்து வைக்க வருகிறாரா என்று முதலில் கதைக்கிறது வாசலில் நிற்கிற நேர்ஸ்தான்.

அப்புறம் வாளி. அது இளஞ்சூட்டுத் தண்ணீர், கழுத்து மூழ்காத ஆழத்தில். ஊர்வனவுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்த ஆமைக்குள் ஊசி மருந்து போட்டால் அது போட்ட இடத்திலேயே கிடக்கும், தீனி கொடுத்தால் வயிற்றில் கிடந்து அழுகும். முதலில் சூடு, பிறகு தண்ணீர், பிறகுதான் மற்றதெல்லாம். ஏசி போட்ட வார்டில் நாய்களோடு வைத்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி நான்.

பெப்ரவரி 23, இரவு 10.05

காட்டு விலங்கு என்றால் யால, வில்பத்து என்று நினைக்கிறீர்கள். கொழும்பு 2018இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் ஆனது. இந்த நகரத்துச் சதுப்பு நிலத்தில் மீன்பிடிப் பூனை இருக்கிறது, கான் ஓரத்தில் கபறகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு படுத்திருக்கும், ஓட்டுக் கூரைக்குள் மரநாய் குட்டி போடும். புறநகர்ப் பக்கம் ஊதாமுக மந்தி மின்கம்பியில் அடிபட்டு விழும். இந்த மேற்குக் கரை மந்தி அழிவின் விளிம்பில் இருக்கிறது, காடு துண்டுபட்டதால் கம்பிதான் அதற்குக் கிளை.

அப்படி ஒன்று வந்தால் காயம் உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுதான் தெரியும். "சின்னக் காயம்" என்று எழுதி வைப்போம். மூன்றாம் நாள் விரல் கறுக்கும், ஐந்தாம் நாள் முழங்கை. மின்சாரம் உள்ளே போன வழி முழுக்க மெதுவாகச் சாகிறது. அதனால் தினமும் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் மயக்கம் வேண்டும்.

கொண்டு வந்தவர்கள் பாசத்தில் பாணும் வாழைப்பழமும் கொடுத்திருப்பார்கள். மந்திக்கு வயிறு மாட்டு வயிறு மாதிரி, அறை அறையாக, இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கிறது. இனிப்பும் மாவும் போனால் ஊதும். பாருங்கள், மாமாவின் மாடு யானைக்கு உதவவில்லை, மந்திக்கு உதவியது. 14ஆம் திகதி எழுதியதில் கொஞ்சம் பின்வாங்குகிறேன்: ஒன்றைப் பழகினால் மற்றது வராது என்பது பிழை. வரும், ஆனால் எது எங்கே வரும் என்று யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

பெப்ரவரி 24, காலை 6.30

நேற்று விட்டது. காட்டு மிருகத்தைத் தடவக் கூடாது. நேர்ஸ் என்றால் தடவிக் கொடுக்கிறவள் என்று பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். நாய் நம்முடைய குரலைக் கேட்டால் ஆறும், மானுக்கு நம்முடைய குரல் என்றால் சிறுத்தை. திருகோணமலைக் கோட்டைப் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகியவை, அவற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். காட்டு மானைத் துரத்திப் பிடித்தால் தசை உடைந்து, சிறுநீர் கோப்பி நிறத்தில் போய், இரண்டு மூன்று நாள் கழித்தும் செத்துப் போகலாம். கண்ணைக் கட்டு, வாயை மூடு (உங்களுடைய வாயை), கூட்டைத் துணியால் மூடு, நாய் வார்டிலிருந்து தூர வை.

கூரையிலிருந்து வந்த மரநாய்க் குட்டிக்கு எங்கள் பிள்ளை ஒருத்தி பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்தால் கூப்பிடுவாய், கூப்பிட்டால் அது வரும், வந்தால் பிறகு எந்த வளவில் விடுவது? உடவளவையில் 1995இலிருந்து தாயில்லாத யானைக் கன்றுகளை வளர்த்துக் காட்டுக்கு விடுகிறார்கள். அங்கே போனவர்கள் கவனித்திருப்பீர்கள், பால் கொடுக்கிற நேரம் தூர மேடையில் நின்றுதான் பார்க்கலாம். பால் புனலால் போகும், அவ்வளவுதான். கொஞ்சல் கிடையாது. முந்தி எனக்கு அது கல் நெஞ்சாகத் தெரிந்தது.

அவளுக்கு நான் ஏசவில்லை. அந்தக் குட்டியின் பெயர் எனக்கும் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

பெப்ரவரி 26, மாலை 5.15

கடி. விலங்கு விசர்த் தடுப்பூசியை வேலைக்குச் சேர முதல் போட்டுக்கொள்ளுங்கள், கடித்த பிறகு அல்ல. போட்டிருந்தாலும் கடித்தால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த மிருகம் செத்தால் தலை பொரளை வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஆகவே குளிரில் வையுங்கள், புதைத்துவிடாதீர்கள். கிளியிடமிருந்து நுரையீரல் காய்ச்சல், ஆமையிடமிருந்து சல்மொனெல்லா. காச நோய் மனிதரிடமிருந்து யானைக்கும் போகும், யானையிடமிருந்து மனிதருக்கும் வரும், ஆகவே இருமலோடு யானைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மயக்க ஊசி எய்கிற இடத்தில் தவறி விழுந்த ஊசியை வெறுங்கையால் எடுக்காதீர்கள், உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும்.

எனக்கு முதல் கடி மூன்றாவது மாதத்தில், குரங்கு. முதலாளி "சின்னக் கீறல்தானே" என்றார். தடுப்பூசிக் காசைச் சம்பளத்தில் கழித்தார்கள். இப்போது அங்கே இல்லை.

மார்ச் 2, இரவு 9.20

சரி, கோர்ஸ். 11ஆம் திகதி முழுக்கக் குப்பை என்று சொல்ல வந்தேன், எழுதவில்லை, நல்ல காலம்.

பிரித்தானியாவில் 1961இலிருந்து இந்த வேலைக்கு முறையான பயிற்சி இருக்கிறது. இன்றைக்கும் அங்கே பதிவு பெற்ற நேர்ஸ் ஆக 1800 மணித்தியாலம் கிளினிக்கில் நிற்க வேண்டும். அப்படி நின்றும், நாய் பூனைக்கு ஒரு பாதை, குதிரைக்கு வேறு பாதை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நம்முடைய ஆள் மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளில் குருவி முதல் யானை வரை முடிக்கிறார். பன்னிரண்டு ஞாயிறு, அதில் ஒன்று போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால் பதினொன்று.

ஆனால் நமக்கு வேறு என்ன இருக்கிறது? மிருக வைத்தியம் படிக்கிறவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்தில் நின்று பிடிக்கிறவர்கள் நாங்கள் பிழை விட்டு விட்டுத்தான் படித்தோம், மேலே எழுதியிருக்கிற ஒவ்வொரு பிழைக்கும் ஒரு உயிர் அல்லது அரை உயிர். பதினொரு ஞாயிறில் ஒரு ஞாயிறு அந்தக் கொக்கட்டீலைக் காப்பாற்றியிருக்கும்.

அதனால் காசு கட்ட முதல் ஒரு வகுப்பில் பின்னால் இருந்து பார்க்கக் கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை மிருகம், ஸ்லைட் எவ்வளவு, கையால் எவ்வளவு என்று பாருங்கள். சான்றிதழில் தங்க முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், அது கட்டாயம் இருக்கும்.

மார்ச் 9, இரவு 10.50

தம்பி தனியாக எழுதியிருந்தார், அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே போடுகிறேன்:

"அக்கா, போய்ப் பார்த்தேன். சேர் ஒரு லவ் பேர்ட்டை எடுத்தார். துவாயால் எடுத்து, தலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, நெஞ்சை விட்டுத்தான் பிடித்தார். கூட்டைத் திறக்க முதல் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்கள் போன் நோண்டினார்கள், நான் வாலைப் பார்த்தேன். காசு கட்டிவிட்டேன். ஒரு குறை, முப்பத்திரண்டு பேருக்கு அந்த ஒரு குருவிதான். என்னுடைய முறை வரவில்லை."

வராதது நல்லது, முப்பத்திரண்டு பேர் கை மாறியிருந்தால் அந்தக் குருவி உயிரோடு இருந்திராது.

தம்பி, சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பக்கம் வாருங்கள், ஐந்து மணிக்குப் பிறகு கூட்டம் குறைவு. நகம் வெட்ட இரண்டு கொக்கட்டீல் வருகிறது. துவாய் உங்களுடையதைக் கொண்டு வாருங்கள், எங்களுடையதில் நூல் பிரிந்திருக்கிறது, நகம் மாட்டும்.